மேசையிலிருந்து மேடைக்கு

பள்ளி விடுமுறையில் மாமாவின் பேண்டுக்குப் பெட்டி தூக்கப் போவேன். மாமா கல்யாண விருந்துகளில் கித்தார் வாசிப்பவர். ஒயர்ச் சுருள், ஆம்ப்ளிபையர், கீபோர்டு ஸ்டாண்டு எல்லாம் என் பொறுப்பு. மண்டபம் நிறைய மேசைகள் இருக்கும். மாமா ஒரு பழைய பாட்டின் முன்னிசையை விரல் நோக வாசித்துக்கொண்டிருப்பார். கீழே கோழிப் பிரட்டல் சூடாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சாக இருக்கும். ஒருமுறை வாசித்து முடித்துவிட்டுக் காலியாக இருந்த ஒரு மேசையில் உட்கார்ந்தோம். மண்டபத்துக்காரர் ஒருவர் வந்து, “தம்பி, இது கெஸ்டுக்குப் போட்டது. நீங்க பின்னால போய்ச் சாப்பிட்டுக்கலாம்” என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையல்கட்டுப் பக்கம் ஐஸ்பெட்டியின்மேல் தட்டை வைத்துக்கொண்டு, “சாப்பிடுடா, எங்க உக்காந்தாலும் சோறு சோறுதான்” என்றார்.

அது அப்படியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவருக்கும் தெரியும்.

பிறகு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்து ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தேன். இரவு ஷிப்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையாவது கேட்டுக்கொண்டிருப்பது பழக்கம். அப்படித்தான் ஒருநாள் ‘விவா எல் மரியாச்சி’ என்ற இசைத்தொகுப்பு வந்து மாட்டியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. மரியாச்சி என்றால் பெரிய தொப்பி, ட்ரம்பெட், மெக்சிகோ உணவகத்தில் பிறந்தநாள் பாட்டு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதில் வயலின்களுக்கும் ட்ரம்பெட்டுக்கும் அடியில் ஒரு சின்ன கித்தார் விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. என் காது அதிலேயே நின்றுவிட்டது. அந்தக் கருவியின் பெயர் விஹுவேலா. அந்தக் குழுவின் பெயர் மரியாச்சி லோஸ் கம்பெரோஸ். அதன் தலைவர் நாட்டி கானோ விஹுவேலா வாசிப்பவர், இசைக்கோவை அமைப்பவர், ஆசிரியர்.

அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கப் படிக்க மாமாவின் தட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கானோ இசையில் செய்தவை பல. ஆனால் இசைக்கலைஞன் எங்கே நிற்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதை மாற்றியதுதான் அவருடைய பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கூலிக்காரர்களின் இசை

மரியாச்சி என்ற சொல், கல்யாணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை நீண்டகாலம் சுற்றிக்கொண்டிருந்தது. 1860களில் பிரெஞ்சுப் படை மெக்சிகோவுக்குள் நுழைந்தபோது கல்யாணங்களில் வாசித்தவர்களைப் பார்த்து அப்படிப் பெயர் வைத்தார்களாம். இந்தக் கதையை உடைத்தது ஒரு பாதிரியாரின் புகார்க் கடிதம். 1852இல் மேற்கு மெக்சிகோவின் ரோசமொராடா என்ற ஊரிலிருந்து கோஸ்மே சாந்தா அன்னா என்னும் பாதிரியார் தம் ஆயருக்கு எழுதியது. ஊரில் குடியும் சூதும் கூச்சலுமாக நடக்கும் கேளிக்கைகளை இங்கே மரியாச்சி என்கிறார்கள் என்று அதில் முறையிட்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே சொல் இருந்திருக்கிறது. இந்த இசையைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அதன்மேல் கொடுக்கப்பட்ட புகார் என்பதை நான் மறப்பதில்லை.

ஹாலிஸ்கோ மாநிலத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் பண்ணைக் கூலிகளாக இருந்தவர்கள் வாசித்த இசை அது. பகலில் வயல், இரவில் வயலின். இன்று நாம் பார்க்கும் வெள்ளிப் பொத்தான் வைத்த இறுக்கமான உடை, குதிரையேறும் பண்ணைக்காரர்களின் உடை. பழைய மரியாச்சிகள் விவசாயிகளின் வெள்ளைப் பருத்தித் துணியும் தோல் செருப்பும் போட்டவர்கள். 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு புதிய மெக்சிகோ தனக்கென ஒரு முகம் தேடியது. வானொலியும் சினிமாவும் மரியாச்சியை அந்த முகமாக்கின. கூலிக்காரனுக்கு முதலாளியின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அவன் நிற்கும் இடம் மாறவில்லை.

நாட்டிவிடாட் கானோ 1933இல் ஹாலிஸ்கோவில், குவாதலஹாரா நகருக்கு அருகே அஹுயிஸ்குல்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். தினக்கூலிக் குடும்பம், கூடவே இசைக் குடும்பம். தாத்தா கத்தரினோ தானாகவே கித்தாரோன் கற்றுக்கொண்டவர். அப்பா சொத்தேரோ மரியாச்சியின் எல்லாத் தந்திக் கருவிகளையும் வாசிப்பார். ஆறு வயதில் மகன் கையில் விஹுவேலாவைக் கொடுத்தார். எட்டு வயதில் பையன் குவாதலஹாராவில் ஓர் இசைப் பள்ளியில் வயலின் படிக்கச் சேர்ந்தான். ஆறு ஆண்டுகள் நொட்டேஷன் பார்த்து வாசிக்கப் படித்தான். பிறகு படிப்பை விட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்காக அப்பாவோடு மதுக்கடைகளில் வாசிக்கப் போனான்.

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஒரு பதினான்கு வயதுப் பையன், காதால் மட்டுமே கற்ற கலைஞர்களோடு மேசை மேசையாகப் போகிறான். மரியாச்சிக்காரர்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ‘அல் தலோன்’. தலோன் என்றால் குதிகால். குதிகால் தேய நடந்து, ‘பாட்டு வேணுமா’ என்று கேட்டு, ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது. ஒரே உணவகத்தில் நிரந்தரமாக வாசிக்கும் வேலைக்கு ‘பிளாந்தா’ என்று பெயர். குதிகாலிலிருந்து பிளாந்தாவுக்குப் போவதே அன்றைக்குப் பெரிய உயர்வு. அதற்கும் மேலே ஒரு படி இருக்க முடியும் என்பதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஐந்து தந்தி

கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

விஹுவேலாவுக்கு ஐந்து தந்தி. கித்தாரைவிடச் சிறியது. முதுகுப் பக்கம் படகின் அடியைப்போல் புடைத்திருக்கும். கித்தாரின் ஏ, டி, ஜி, பி, ஈ வரிசையேதான், ஆனால் முதல் மூன்றும் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றப்பட்டிருக்கும். அதனால் மிக உயர்ந்த ஒலி ஓரத்துத் தந்தியில் இல்லாமல் நடுத்தந்தியில் இருக்கும். கித்தாரில் மேலிருந்து கீழே இழுத்தால் ஒலி படிப்படியாக ஏறும். விஹுவேலாவில் ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, இறங்கி, மறுபடி ஏறும். ஐந்து தந்தியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நெருக்கமாக ஒலிப்பதால் அடி ஒவ்வொன்றும் தாள வாத்தியம் போலக் கேட்கிறது. மரியாச்சியில் முரசு கிடையாது. முரசின் வேலையைச் செய்வது இந்த வலது கைதான்.

கித்தாரோன் இதற்கு நேர்மாறு. வயிற்றின்மேல் ஏந்திக்கொண்டு வாசிக்கும் பெரிய கருவி, ஆறு தந்தி. நின்று வாசிக்கும் ஹார்ப்பின் இடத்தை இது பிடித்தது, ஏனென்றால் இதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். வாசிப்பவர் பெரும்பாலும் இரண்டு தந்தியை ஒரே நேரத்தில் இழுப்பார். ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிக்கும். மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கீழ்ச்சுரம் காதுக்கு எட்ட இது நல்ல வழி. அடிச்சுரம் காற்றில் கரைந்தாலும் மேல்சுரம் அதைக் காட்டிக்கொடுக்கும். பேராசிரியர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பண்ணைக் கூலிகள் கண்டுபிடித்த ஒலியியல் இது.

தாளம் இன்னும் சுவையானது. ஹாலிஸ்கோவின் ‘சோன்’ வகைப் பாடல்களில் ஆறு துடிப்புகள் கொண்ட ஒரு சுற்று வரும். அதை மூன்று மூன்றாக எண்ணலாம், இரண்டு இரண்டாகவும் எண்ணலாம். பாட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். முதல்முறை கேட்டபோது ‘என்னடா இது, யாரோ தப்பாக வாசிக்கிறார்கள்’ என்றே நினைத்தேன். மேசையில் விரலால் தட்டிப் பார்த்தபோதுதான் தப்பியது நான் என்று புரிந்தது. இந்தத் தாவலை வலது கையின் மணிக்கட்டு காக்க வேண்டும். அந்தக் கைவீச்சுக்கு ‘மானிகோ’ என்று பெயர். ஒவ்வொரு பாட்டுக்கும் தனி மானிகோ உண்டு. அதைக் காகிதத்தில் ஓரளவுக்குத்தான் எழுத முடியும்.

எழுதியதால் வந்ததும் போனதும்

காகிதத்தின் கதை கானோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தெகலித்லான் ஊரில் 1890களின் இறுதியில் கஸ்பார் வர்காஸ் தொடங்கிய மரியாச்சி வர்காஸ் குழுவை 1932இல் மகன் சில்வெஸ்தர் ஏற்றார். 1934இல் அதிபர் லாசரோ கார்தெனாஸின் பதவியேற்புக்கு வாசித்த பிறகு குழு தலைநகரில் நிலைகொண்டது. 1944இல் முறையாக வயலின் படித்த ரூபென் புவேந்தெஸ் சேர்ந்தார். அவர் பாடல்களுக்கு முறையான கோவைகளை எழுதினார். வானொலிக்கு ட்ரம்பெட் எடுபட்டதால் அது நிலையான இடம் பிடித்தது. 1950களில் இரண்டு ட்ரம்பெட் என்பதே வழக்கமானது. வானொலியிலும் தட்டுகளிலும் வர்காஸ் வாசித்ததையே நாடு முழுக்க எல்லாரும் வாசிக்கத் தொடங்கினார்கள்.

இதில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஒரு விதமாக இருந்த பாட்டு எங்கும் ஒரே விதமானது. ஹார்ப் பின்னுக்குப் போனது. ட்ரம்பெட் இல்லாத பழைய தந்திக் குழுக்கள் பழையவை என்றே பார்க்கப்பட்டன. எழுதி வைப்பது காப்பாற்றும். எழுதாததை மெல்லச் சாகவும் விடும். நம்முடைய இசைகளைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

1950இல் கானோ அமெரிக்க எல்லையோர நகரமான மெக்சிகாலிக்குப் போய் மரியாச்சி சப்பாலா குழுவில் சேர்ந்தார். பள்ளியில் படித்தது அங்கே கைகொடுத்தது. குழுவின் கோவைகளை எழுதுபவர் ஆனார். அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற பிராசெரோ திட்டம் (1942–1964) நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லையைத் தாண்டிய கூலிகளின் பின்னால் அவர்களுடைய பாட்டும் போனது. ஐம்பதுகளின் இறுதியில் கானோவும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்.

அங்கே பிராட்வே தெருவில் மில்லியன் டாலர் தியேட்டர் என்ற 1918இல் திறந்த பெரிய அரங்கம் இருக்கிறது. அந்நாளில் ஸ்பானிய மொழிப் படங்களும் மேடை நிகழ்ச்சிகளும் அங்கே நடந்தன. மெக்சிகோவின் பெரிய பாடகர்கள் வந்து பாடுவார்கள். அவர்களுக்குப் பின்னணி வாசிக்கும் மரியாச்சி அகிலா குழுவில் கானோ கோவை அமைப்பாளர் ஆனார். குழுத் தலைவர் ஹோசே பிரியாஸ் கார் விபத்தில் இறந்துபோக, பொறுப்பு கானோவிடம் வந்தது. 1961 வாக்கில் குழுவுக்கு லோஸ் கம்பெரோஸ் என்று புதுப் பெயர் வைத்தார். நாட்டுப்புறத்தார் என்று பொருள். நகரத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்தப் பெயரை வைத்ததில் ஒரு வீம்பு இருந்தது என்று நினைக்கிறேன்.

லுபோக்கில் ஓர் உணவகம்

குழு பயணம் போய்க்கொண்டிருந்த நாள்களில் ஒருமுறை டெக்சாஸ் மாநிலத்தின் லுபோக் நகரில் ஓர் உணவகத்துக்குள் சாப்பிட நுழைந்தார்கள். மெக்சிகர்களுக்கு இங்கே சாப்பாடு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கானோ பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த சம்பவம் இது. பாட்டு வேண்டும், பாடுகிறவன் உட்காரக் கூடாது.

அறுபதுகளின் இறுதியில் கானோவும் குழுவினரும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸின் வில்ஷயர் சாலையில் தங்களுடைய சொந்த உணவகத்தைத் திறந்தார்கள். பெயர் லா போண்டா. யார் வந்தாலும் மேசை உண்டு. ஆனால் உள்ளே ஒரு மேடையும் இருந்தது. இசைக்கலைஞர்கள் மேசை மேசையாக வரமாட்டார்கள். பாட்டுக்கு இவ்வளவு என்று யாரும் கையில் திணிக்க முடியாது. நேரம் வந்ததும் மேடையில் விளக்கு எரியும். முழுக் குழுவும் வந்து நிற்கும். வந்தவர்கள் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த மரியாச்சி அரங்கம் என்பது அன்றைக்குப் புதியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது.

இதை வெறும் வியாபாரம் என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். வியாபாரமும்தான். சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், டிப்ஸும் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. கருவியையோ பாட்டையோ மாற்றுவதற்கு முன்னால் அவர் அறையை மாற்றியிருக்கிறார். மேடை இருந்தால் ஒத்திகை தேவை. ஒத்திகை இருந்தால் நுணுக்கமான கோவை எழுதலாம். மாதச் சம்பளம் இருந்தால் நல்ல கலைஞன் குழுவை விட்டு ஓட மாட்டான். கேட்கிற கூட்டம் இருந்தால் மெல்லிய ஒலியையும் வாசிக்கத் துணிவு வரும். மேசையோரம் நிற்பவன் சத்தத்தைக் குறைத்தால் காணாமல் போய்விடுவான்.

அந்த அறையில் இன்னொரு கதவும் திறந்தது. எழுபதுகளின் நடுவில் ரெபெக்கா கொன்சாலஸ் என்ற இளம் வயலின் கலைஞரைக் கானோ குழுவில் சேர்த்தார். முன்னணித் தொழில்முறை மரியாச்சி ஒன்றில் இடம்பெற்ற முதல் பெண்ணாக அவரைச் சொல்கிறார்கள். பெண்களே இல்லாத இசை என்று அதைச் சொல்வது சரியல்ல. பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்கள் மெக்சிகோவில் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் ஆண்கள் நிற்கும் வரிசையில், அதே உடையில், அதே சம்பளத்துக்கான வேலையில் ஒரு பெண் நிற்பது வேறு. 2009இல் லோஸ் கம்பெரோஸ் ‘அமோர், தொலோர் இ லாக்ரிமாஸ்’ தொகுப்புக்காக கிராமி விருது பெற்றபோது, அதே பிரிவில் அதே ஆண்டு விருதைப் பகிர்ந்துகொண்டது மரியாச்சி தீவாஸ் என்னும் பெண்கள் குழு.

1987இல் லிண்டா ரோன்ஸ்டட் ‘கன்சியோனெஸ் தெ மி பாத்ரே’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்க ராக் இசையின் பெரிய நட்சத்திரம், தந்தை வழியில் மெக்சிகோ வேர் உள்ளவர். புவேந்தெஸின் இசையமைப்பில் மரியாச்சி வர்காஸும் வேறு குழுக்களும் வாசித்தார்கள், லோஸ் கம்பெரோஸும் அதில் இருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பாட்டைத் தேடிவந்தார்கள். 1990இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு, மரபுக் கலைகளுக்கான தேசிய உயர் விருதைக் கானோவுக்கு வழங்கியது.

வகுப்பறை

மரியாச்சி, அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இசை. அமெரிக்காவில் அது மெல்ல வகுப்பறைக்குள் போனது. 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இனவியல் இசைத் துறையில் மரியாச்சி உக்லாத்லான் என்ற மாணவர் குழு தொடங்கியது. டெக்சாஸின் சான் அந்தோனியோவில் பெல் ஓர்த்திஸ் என்ற ஆசிரியை அறுபதுகளின் பிற்பகுதியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரியாச்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1979இல் அதே நகரில் நடந்த மாநாட்டில் மரியாச்சி வர்காஸ் கலைஞர்களே வந்து பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். இப்படிப் பல நகரங்களில் மாநாடுகள் பெருகின.

கானோவும் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 2001இல் சான் பெர்னாந்தோ நகரில் தொடங்கிய பயிற்சித் திட்டம். அதன் கலை இயக்குநராக அவர் இருந்தார். நகர நிர்வாகம் நடத்துகிறது, லோஸ் கம்பெரோஸ் கலைஞர்கள் நேரடியாக வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2012இல் வெள்ளை மாளிகையில் அந்தத் திட்டத்துக்குத் தேசிய இளையோர் கலை விருது கிடைத்தது.

அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஆசானும் சீடனும் என்ற இரண்டு சொல்லும் இருக்கின்றன. எழுதியதால் எதை இழந்தோம் என்ற கேள்விக்குக் கானோவின் பதில் இதில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் காகிதத்தைப் பார்த்துக் கற்கட்டும். அதோடு வாசித்துப் பிழைக்கும் ஒருவரின் மணிக்கட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மானிகோ அப்படித்தான் கைமாறும். அப்பாவிடம் ஆறு வயதில் கற்றதையும் பள்ளியில் எட்டு வயதில் கற்றதையும் ஒரே அறையில் வைத்துவிட்டார். ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகளை அது மீட்டுத்தரவில்லை என்பதும் உண்மைதான்.

கானோ 2014 அக்டோபர் 3ஆம் நாள் இறந்தார். வயது 81. குழு அதே பெயரில் இன்றும் வாசிக்கிறது. அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 2011இல், யுனெஸ்கோ மரியாச்சியை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாதிரியாரின் புகார்க் கடிதத்திலிருந்து 159 ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் மரியாச்சி பிளாசா என்றொரு சதுக்கம் இருக்கிறது. வெள்ளிப் பொத்தான் சட்டையோடு கலைஞர்கள் இன்னும் அங்கே வேலைக்கு ஆள் கூப்பிடக் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் மேடை கிடைத்துவிடவில்லை. ஆனால் மேடை என்று ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பேரம் பேசும்போது அந்த நினைப்பு கூட நிற்கும்.

மாமா இப்போது வாசிப்பதில்லை. விரல் மூட்டு வலி. போன மாதம் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை அவருடைய போனுக்கு அனுப்பினேன். ஒன்றும் பதில் இல்லை. சத்தம் பிடிக்கவில்லைபோல என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

“டேய், அந்தச் சின்ன கித்தாரு. மேல் சுரம் ஓரத்துல இல்ல, நடுவுல கேக்குதே. எப்படிடா கட்டியிருக்கான்?”

அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.